இதைப் படித்து என்ன பிரயோசனம்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டேன். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. நானே கேட்டு எடுத்ததுதான். போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, "இதைப் படித்து என்ன பிரயோசனம்? ராஜா ராணி கதையை வைத்துச் சோறு பொங்க முடியுமா? பேசாமல் பி.காம். மாற்றிக்கொள்" என்று ஒரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்பா வாயே திறக்கவில்லை. அவர் மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. நீங்களும் பி.ஏ. வரலாறு என்று எங்கேயோ எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

மாமாமேல் கோபம் வேண்டாம். அவர் கேட்டது நம் பக்கத்தில் பழைய கேள்வி. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அந்த ஊருக்கு முனிசீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்றுதான் அவரும் கேட்டார். ஆனால் அதோடு எழுந்து போய்விடவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அடுத்த கேள்வியும் கேட்டார். ஐயர் படித்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தேடிப் படித்தார். 1887இல் அவரே பதிப்பித்துச் சிந்தாமணி அச்சில் வந்தது. மாமாவுக்கும் முனிசீபுக்கும் வித்தியாசம் அந்த இரண்டாவது கேள்விதான்.

சரி, சோற்றுக்கு வருவோம். மாமா சொன்னதில் பாதி நியாயம். வெறும் பி.ஏ.வுக்கு வேலை இல்லை. அதன்மேல் ஒன்று கட்டவேண்டும். பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் பள்ளிக்கூடம், எம்.ஏ.வும் நெட் அல்லது செட்டும் என்றால் கல்லூரி, மூன்று வருஷச் சட்டப் படிப்பு, குரூப் 2. எல்லா வாசலிலும் கூட்டம்தான். பி.காம். வாசலிலும் அதே கூட்டம் என்பதை மாமாவிடம் யாராவது சொல்லலாம். இங்கிலீஷை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், பிறகு பத்து வருஷம் திண்டாடினேன்.

மாமாவுக்குத் தெரியாத பயம் ஒன்று இருக்கிறது. பி.ஏ. வரலாற்றை எதுவுமே படிக்காமல் முடித்துவிடலாம். நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஒரு பேராசிரியர், தான் மாணவராக இருந்தபோது எழுதிய நோட்டையே எங்களுக்கும் வாசித்தார். தாள் மஞ்சளாகி ஓரம் உதிரும். இரண்டாம் பானிப்பட் போரின் விளைவுகள் ஏழு. ஏழையும் எழுதினால் பதினைந்து மார்க். நான் எழுதினேன், மார்க்கும் வந்தது. இன்றைக்கு அதில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

ஞாபகம் இருப்பது வேறு. இரண்டாம் வருஷம், இன்னொரு ஆசிரியர் எங்களில் ஐந்தாறு பேரை டவுன் பஸ்ஸில் ஏற்றி, ஒரு சின்னச் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், குமுதம் என்கிற உருண்டை வரிசை முழுக்க எழுத்து, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினோம். அரை மணி நேரத்தில் நான் கண்டுபிடித்தது ஒரே சொல், 'வேலி'. அதற்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி இல்லாத ஒரு கீற்று. "அது எத்தனை மா என்கிற குறி" என்றார் சார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மா என்பது எங்கள் அப்பா வாயில் தினமும் வருகிற சொல். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. "எங்க அப்பா சொல்ற அதே மாவா சார்?" என்றேன். "அதே சொல்தான். அதே அளவா? எந்தக் கோலால் அளந்தான்?" என்றார். பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோல்களே பலவாம். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம்தான் குழி. கோல் மாறினால் குழி மாறும், குழி மாறினால் மா மாறும். சொல் அப்படியே இருக்க, நிலம் மட்டும் நீண்டு சுருங்கும். மூன்று வருஷத்தில் நான் படித்த வரலாறு அந்தப் பத்து நிமிஷம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ராஜா ராணி கதை என்கிறாரே மாமா, அவரை ஒருநாள் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் பணிக்கான பெண்களை) குடியேற்றிய கணக்கு கல்லில் இருக்கிறது. எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் பதிவு. தென்சிறகு முதல் வீட்டில் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அவர்கள் விருப்பப்பட்டு வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. அதை நாம்தான் கேட்கவேண்டும்.

இதையெல்லாம் கேட்க வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து சோழர் கல்வெட்டுகளில் நில உரிமை எப்படிக் கைமாறியது என்று எண்ணிப் பார்த்தார். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் இங்கிலாந்திலிருந்து வந்து தஞ்சைக் கிராமங்களில் தங்கினார். அறுபதுகளின் தொடக்கத்தில் டில்லியிலிருந்து சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் தஞ்சைக் கிராமம் ஒன்றுக்கு வந்தார். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அதனாலேயே சேரிக்குள் தாராளமாகப் போய்ப் பேச முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அவருக்குத் திறக்காத கதவு உங்களுக்குத் திறக்கும். உங்கள் தெருவில் நடவுக்குப் போன ஆச்சி யாராவது இருப்பார். கூலி நெல்லா காசா, எந்த மரக்காலில் அளந்தார்கள், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அது தெருவரைக்கும் வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். செல்போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். ஆச்சிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், அப்பா. வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பி.ஏ. பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம். நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்த மூன்று மா யாருடையது? சீட்டு இருக்கிறதா, வாய்ப்பேச்சா? மகசூலில் எத்தனை மூட்டை அளக்கிறார்? நம் பக்கத்தில் கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கோயில் நிலம் என்றால் எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டு, கல்லூரி திறப்பதற்குள் ஒருநாள் சாயங்காலம் அவரோடு சைக்கிளில் போய் அதன் சுவரைச் சுற்றிப் பாருங்கள். எழுத்து இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.