பூனை குடித்த பால்

வணக்கம் சார்,

என் மகனுக்கு 9 வயது. 'ஸ்பைடர்விக் கிரானிக்கிள்ஸ்' வரிசையின் முதல் புத்தகத்தை நண்பனிடமிருந்து வாங்கி வந்து ஒரே நாளில் முடித்துவிட்டான். இப்போது இரண்டாவதில் பாதி. நான்கு நாளாக ராத்திரி ஒரு கிண்ணம் பாலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறான். அதில் வரும் 'பிரௌனி' என்ற குட்டி ஜந்துவுக்காம். வைக்காவிட்டால் அது அக்கா முடியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுமாம். அவள் ஒரு பக்கம் கத்துகிறாள். காலையில் கிண்ணம் காலி. பக்கத்து வீட்டுப் பூனையின் வேலை. முதலில் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்கிறார் என் மாமியார். ஃபேரி என்றால் இறக்கை வைத்த நல்ல தேவதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதில் ஒன்று கடிக்கிறது, ஒன்று ஆளைக் கடத்துகிறது. குழந்தைகளுக்கு எதற்கு இப்படி எழுத வேண்டும்? "இது நிஜமாம்மா?" என்று வேறு கேட்கிறான். என்ன சொல்ல?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டாம் புத்தகத்தில் கதையின் சிறுவர்களில் ஒருவனான சைமனை காப்ளின்கள் என்ற பொல்லாத ஜந்துக்கள் பிடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் பிடுங்கிவிட்டால், சைமன் மீளாமலே உங்கள் மகன் தலைக்குள் கிடப்பான். பயம் அப்போதுதான் வீட்டுக்குள் வரும். முடிக்கட்டும். ஐந்துமே சின்னப் புத்தகங்கள்தான்.

படிக்காதவர்களுக்கு: டோனி டிடெர்லிஸியும் ஹாலி பிளாக்கும் சேர்ந்து உருவாக்கியது, 2003, 2004 ஆண்டுகளில் ஐந்து புத்தகங்களாக வந்தது. அப்பா பிரிந்து போன பிறகு, கிரேஸ் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அம்மாவோடு ஒரு பாழடைந்த பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். 13 வயது மேலரி வாள்வீச்சு பழகுகிறவள். ஜாரெட்டும் சைமனும் 9 வயது இரட்டையர்கள். அந்த வீட்டில் ஆர்தர் ஸ்பைடர்விக் என்ற முன்னோர் எழுதிவைத்த ஒரு கையேடு ஜாரெட்டுக்குக் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வாழும் ஜந்துக்கள் எல்லாவற்றுக்கும் அதில் படமும் குறிப்பும் இருக்கின்றன. அது மனிதர் கையில் இருப்பது அந்த ஜந்துக்களுக்குப் பிடிக்கவில்லை. கதை அவ்வளவுதான்.

முடி கட்டும் சம்பவத்தை மகனிடம் முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் சுவரை இடித்தபோது உள்ளே இருந்த பிரௌனியின் கூடு போய்விட்டது. அதற்குப் பழிவாங்கத்தான் அது மேலரியின் கூந்தலைக் கட்டிலில் முடிச்சுப் போடுகிறது. அம்மாவுக்கு ஜாரெட் மேல்தான் சந்தேகம். அப்பா போனதிலிருந்து கோபத்தில் இருக்கும் பையன், பள்ளியிலும் சண்டை போட்டவன், வேறு யார் செய்திருப்பார்கள்? நான் இல்லை என்று சொல்கிறான், நம்ப ஆளில்லை. அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குப் பிரௌனியை நினைத்துப் பயம் வரவில்லை, அந்த அம்மாவை நினைத்துத்தான் வயிற்றைப் பிசைந்தது. 9 வயதில் காப்ளினை விட இது பெரிய பயம் என்று நினைக்கிறேன். ஜாரெட் என்ன செய்கிறான் தெரியுமா? உடைந்த கூட்டுக்குப் பதில் புதிதாக ஒன்று அமைத்துக் கொடுக்கிறான். வீடு போன கோபம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

தேவதை விஷயத்துக்கு வருகிறேன். இது நம் மொழிபெயர்ப்பு செய்த கோளாறு. ஃபேரியைத் தேவதை ஆக்கிவிட்டோம். குறளி என்று சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு ஏமாந்திருக்க மாட்டீர்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கிராமங்களில் இவை பழைய காலத்திலிருந்தே பயப்பட வேண்டிய கூட்டம். பேரைச் சொன்னாலே கோபம் வருமென்று 'நல்லவர்கள்', 'நல்ல அண்டைவீட்டார்' என்றுதான் சொல்வார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோமே, அந்த மாதிரி. இறக்கையும் மினுக்கலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

பிரௌனியும் அந்த ஊர்ச் சரக்குதான். இரவில் வந்து வீட்டுவேலை செய்யும். கூலி ஒரு கிண்ணம் பாலோ கஞ்சியோ. அவமதித்தால் பாகர்ட் ஆகிவிடும். பாத்திரத்தை உருட்டும், தூங்குகிறவரைக் கிள்ளும். பாருங்கள், இந்த ஆபத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இதைச் செய்தால் இது நடக்கும், செய்யாவிட்டால் நடக்காது. ஓட்டையுள்ள கல் வழியாகப் பார்த்தால் மறைந்திருக்கும் ஜந்துக்கள் தெரியும். அவை கொடுத்த பழத்தைத் தின்றால் மாட்டிக்கொள்வாய். பெரியவர்களின் கோபத்துக்கு இப்படி விதிப்புத்தகம் எதுவும் கிடையாது. உங்கள் மகன் பால் வைப்பதைப் பயம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அவன் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டதாகத்தான் படுகிறது. வைத்த பிறகு தூங்கிவிடுகிறான் அல்லவா?

இந்தக் காரணத்தால்தான் கடைசிப் புத்தகம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. முல்கராத் என்ற அரக்கன் வெறும் வில்லன். விதி தெரிந்து தப்பிக்கும் ருசி அதில் குறைவு, ஓட்டம்தான் அதிகம். 2008ல் வந்த திரைப்படம் ஐந்தையும் ஒன்றரை மணி நேரத்தில் திணித்தது. புத்தகத்துக்குப் பதில் அதைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டிடெர்லிஸியின் கோட்டோவியத்தை மெதுவாக, பயந்து பயந்து பார்க்கலாம். வேண்டாமென்றால் பக்கத்தை மூடலாம். திரையில் அது முடியாது.

"நிஜமா" என்று அவன் கேட்பதில் தப்பே இல்லை. மூன்று பிள்ளைகளும் எழுதியதுபோல ஒரு கடிதத்தை முன்னால் வைத்து, எல்லாம் நடந்தது என்றுதான் புத்தகமே ஆரம்பிக்கிறது. கதைதான் என்று சொல்லுங்கள், பொய் வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், இதையெல்லாம் நிஜமென்று நம்பி எழுதிவைத்த ஒருவர் இருந்தார் என்றும் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்ற ஊரின் பாதிரியார், ராபர்ட் கிர்க். ஊர் ஜனங்கள் சொன்ன ஃபேரி சமாச்சாரங்களை விஞ்ஞானக் குறிப்பு எடுப்பதுபோல எழுதினார். 1692ல் இறந்தார். இறக்கவில்லை, ரகசியத்தை வெளியே சொன்னதற்காக ஃபேரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன என்றது ஊர். கையெழுத்துப் பிரதி 1815ல்தான் அச்சேறியது. ஆர்தர் ஸ்பைடர்விக்குக்கு என்ன ஆனது என்று படித்தபோது எனக்கு இவர்தான் நினைவுக்கு வந்தார். அது என்ன என்பதை இங்கே சொல்ல மாட்டேன், உங்கள் மகன் இன்னும் மூன்றாவதைத் தொடவில்லை.

பால் இருக்கட்டும். ஆனால் பாசம் அதிகமாகி அதற்குச் சட்டை தைக்கச் சொல்லி அவன் உங்களிடம் வந்தால் மட்டும் தைத்துக் கொடுத்துவிடாதீர்கள். புதுத்துணி கொடுத்தால் பிரௌனி வீட்டை விட்டே போய்விடும். அப்புறம், அந்தப் பூனையைப் பற்றி அவனிடம் இதுவரை யாரும் மூச்சு விடவில்லையே?