ஓஃப்லைனில் இருப்பவருக்கு அனுப்பிய மெசேஜ் எங்கே நிற்கிறது? கேள்வி பதில்

பல நெறிமுறைகளை (மெசேஜ் சேவைகள் தமக்குள் பேசும் விதிமுறைகளை) ஒரே ஜன்னலில் கதைக்க வைக்கும் மெசஞ்சர் மென்பொருள்களுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து பிளக்இன் (சேர்த்துப் போடும் சிறு நிரல்) எழுதி வருகிறேன். ஓஃப்லைன் மெசேஜ் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. முடிந்தவரை பதில் தருகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்பஸ் மாணவர்: அண்ணை, நான் சொந்தமாக ஒரு மெசஞ்சர் எழுதிப் பழகுகிறேன். நண்பர் ஓஃப்லைன் என்றால் அனுப்பும் பொத்தானையே மறைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஆள் ஓஃப்லைனில் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. அவருக்கு மெசேஜ் விட்டுவைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒவ்வொரு நெறிமுறையும் ஒவ்வொரு பதில் சொல்லும். ஐசிக்யூ, யாகூ என்ற பழைய மெசஞ்சர் சேவைகள் சேர்வரில் சேமித்து வைத்துப் பிறகு கொடுத்தன. எம்எஸ்என்னில் அந்த வசதி 2006 இல் விண்டோஸ் லைவ் மெசஞ்சராக மாறியபோதுதான் வந்தது. 1988 இல் பிறந்த ஐஆர்சி என்ற அரட்டை நெறிமுறையில் ஆள் இல்லையென்றால் அப்படி ஒருவர் இல்லை என்ற பிழைதான் திரும்பி வரும். எம்எஸ்என், யாகூ, ஐசிக்யூ மூன்றும் இன்று மூடப்பட்டுவிட்டன. ஆனால் எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ், ஐஆர்சி, டொக்ஸ் ஆகிய நெறிமுறைகளை இன்று சேர்த்துக் கட்டினாலும் இதே வேறுபாடு இருக்கிறது.

பிட்ஜின் என்ற பல நெறிமுறை மெசஞ்சருக்கு அடியில் இருக்கும் லிப்பர்பிள் நூலகம் இதை அழகாகக் கையாள்கிறது. "இந்த நண்பருக்கு ஓஃப்லைன் மெசேஜ் விடலாமா?" என்று நெறிமுறைப் பிளக்இன்னிடமே கேட்கிறது. கணக்கை மட்டும் வைத்துக் கேட்காமல் நண்பரையும் வைத்துக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே எக்ஸ்எம்பிபி கணக்கில் சிலர் நேரடியாக இருப்பார்கள், சிலர் இடைவாசல் வழியாக வேறு வலையமைப்பிலிருந்து வருவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

சுன்னாகத்திலிருந்து: மெசேஜ் போய்விட்டது என்று திரையில் காட்டியது. மற்றவருக்கு வரவே இல்லை. கரண்ட் நிற்கும் நாட்களில்தான் இப்படி அதிகம் நடக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன காலம் ஞாபகம் இருக்கும். ஒரு இரவு அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வவுனியாவில் இருந்த அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். நான் பாவித்த மென்பொருள் "அனுப்பப்பட்டது" என்று காட்டியது. அதை நம்பிப் போன் எடுக்காமல் விட்டேன். அண்ணனுக்கு அது கிடைக்கவே இல்லை. விடிந்த பிறகு வேறொருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லை நான் இலேசாக எடுப்பதில்லை.

நடந்தது இதுதான். கரண்ட் நின்று ரவுட்டர் செத்தால், "நான் போகிறேன்" என்று யாரும் சேர்வருக்குச் சொல்வதில்லை. டிசிபி என்ற இணைய இணைப்பு மறுமுனையில் திறந்தபடியே கிடக்கும். பல நிமிடங்களுக்கு சேர்வரின் கணக்கில் அண்ணன் ஒன்லைன். அதனால் என் மெசேஜை ஓஃப்லைன் சேமிப்பில் போடாமல் அந்தச் செத்த குழாய்க்குள் தள்ளிவிட்டது. ஆள் ஓஃப்லைன் என்று தெரிந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும் மெசேஜ், ஒன்லைன் என்று நினைத்ததால் தொலைந்தது.

எக்ஸ்எம்பிபியில் இதற்கு மருந்து எக்ஸ்இபி-0198 (எக்ஸ்இபி என்பது எக்ஸ்எம்பிபியின் கூடுதல் வசதிகளை விவரிக்கும் ஆவணம்). இரண்டு பக்கமும் எத்தனை மெசேஜ் கிடைத்தது என்று எண்ணி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வராவிட்டால், உறுதி கிடைக்காதவற்றை சேர்வர் ஓஃப்லைன் சேமிப்புக்கு மாற்றும். அண்ணனின் மென்பொருளும் அவருடைய சேர்வரும் இதைப் பேசியிருந்தால் அந்த மெசேஜ் காலையிலாவது அவரிடம் போயிருக்கும். அதற்கு மேல் எக்ஸ்இபி-0184 இருக்கிறது: பெற்றவரின் மென்பொருளே "கிடைத்தது" என்று பதில் அனுப்பும்.

ஆகவே மெசஞ்சர் எழுதுபவர்கள் மூன்று நிலையைத் தனித்தனியாகக் காட்டுங்கள்: இன்னும் என் கணினியில் நிற்கிறது, சேர்வர் வாங்கிக்கொண்டது, அவரிடம் சேர்ந்துவிட்டது. நெறிமுறை மூன்றாவதைச் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் ஒரு சின்னச் சரி அடையாளம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று பார்த்தவன் நான்.

நல்லூரிலிருந்து ஒரு அக்கா: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி எங்களுக்குக் காலை ஏழரை ஆகும்போது அனுப்பும் மெசேஜ், நான் பிறகு திறக்கும்போது இரவு 2 மணி என்று காட்டுகிறது. எங்கள் இரவு 2 மணிக்கு அங்கே பின்னேரம், அவன் வேலையில் நிற்பான். கொம்பியூட்டர் பிழையா?

கணினியில் பிழை இல்லை அக்கா, மென்பொருளில்தான் பிழை. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்பதைப் பாருங்கள். சேமித்த மெசேஜுடன் வரும் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே காட்டியிருக்கிறார்கள். மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள்.

எழுதுபவர்களுக்கு ஒன்று. ஐந்தரையை நிரலில் நேரடியாக எழுதிவிடாதீர்கள். நம் நாட்டு நேரம் 1996 மே மாதம் ஆறரையாகி, அதே வருடம் ஒக்டோபரில் ஆறாகி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. பழைய உரையாடல் பதிவுகளைத் திறப்பவருக்கு அது பிழைக்கும். நேர வலயத் தரவுத்தளத்திடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று, அந்த நேர முத்திரையை அனுப்புகிறவரே போலியாகச் சேர்த்து அனுப்ப முடியும். உங்கள் சொந்த சேர்வர் போட்ட முத்திரையை மட்டும் நம்புங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: சேர்வர் சேமிக்காவிட்டால் நாமே வைத்திருந்து, ஆள் வந்ததும் அனுப்ப முடியாதா?

முடியும். பிட்ஜினுடன் வரும் ஒரு பிளக்இன் அதைத்தான் செய்கிறது. ஆள் இல்லையென்றால் "மிச்ச மெசேஜ்களைச் சேமித்து, வந்ததும் அனுப்பவா?" என்று கேட்கும். டொக்ஸ் மென்பொருள்களும் அப்படித்தான், அங்கே நடுவில் சேமிக்க சேர்வரே இல்லை.

ஆனால் இது இயங்க இருவரும் ஒரே நேரத்தில் ஒன்லைனில் இருக்க வேண்டும். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. நீங்கள் லப்டொப்பை மூடிய பிறகுதான் அவர் திறப்பார் என்றால் அந்த மெசேஜ் நாட்கணக்கில் உங்கள் மேசையிலேயே கிடக்கும். எனவே "உங்கள் கணினியில் காத்திருக்கிறது" என்று தெளிவாக எழுதுங்கள். எழுதிய நேரத்தையும் மெசேஜுடன் சேர்த்து அனுப்புங்கள். "இப்போது வெளிக்கிடுகிறேன்" என்ற மெசேஜ் மூன்று நாள் கழித்து நேரம் இல்லாமல் வந்தால் பெற்றவர் வீணாகப் பதறுவார்.

கோப்பாயிலிருந்து: ஒரே மெசேஜ் இரண்டு தடவை வருகிறது.

சேர்வர் ஓஃப்லைன் சேமிப்பிலிருந்து ஒருமுறை தருகிறது, உங்கள் மென்பொருள் உரையாடல் காப்பகத்திலிருந்து (எக்ஸ்இபி-0313) இன்னொருமுறை எடுக்கிறது. சேர்வர் ஒவ்வொரு மெசேஜுக்கும் போடும் அடையாள எண்ணை வைத்து ஒன்றை விலக்குங்கள். எழுத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டு விலக்காதீர்கள். "சரி", "சரி" என்று ஒருவர் உண்மையிலேயே இரண்டு முறை அனுப்பியிருக்கலாம்.

பழைய ஐசிக்யூவில் இதற்கு இன்னொரு காரணம் இருந்தது. மெசேஜ்களைக் கேட்டு வாங்கிய பின் "கிடைத்தது, அழித்துவிடு" என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே மெசேஜ்கள் வரும். வாங்கியவற்றை வன்தட்டில் எழுதுமுன் சொல்லிவிட்டு மென்பொருள் விழுந்தால் எல்லாம் போய்விடும். முதலில் எழுதுங்கள், பிறகு அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை வருவதைத் தாங்கலாம், தொலைவதைத் தாங்க முடியாது.

மானிப்பாயிலிருந்து: தமிழில் அனுப்பும் நீளமான மெசேஜ் முடிவில் வெட்டுப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தில் அதே நீளம் ஒழுங்காகப் போகிறது.

யூடிஎப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். "கொ" என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு பைட். சேமிப்பு வரம்பு பைட்டில் இருந்தால் ஆங்கிலத்தில் 900 எழுத்துப் போகும் இடத்தில் தமிழில் 300 குறிதான் போகும். மென்பொருள் அனுப்புமுன்பே மெசேஜைப் பிரிக்க வேண்டும், அதுவும் முழு எழுத்தின் எல்லையில். பைட்டைப் பார்த்து வெட்டினால் கடைசி எழுத்து சிதைந்து போகும், கொம்பும் காலும் தனியே தொங்கும். நம் மொழியில் சோதித்துப் பார்க்க நாம்தான் முன்வர வேண்டும். வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

கொக்குவிலிலிருந்து: ஓடிஆர் (மெசேஜைப் பூட்டி அனுப்பும் முறை) போட்டுக் கதைத்தேன். ஓஃப்லைனில் வந்த மெசேஜ் வெறும் குப்பை எழுத்தாக இருக்கிறது.

ஓடிஆர் இருவரும் ஒன்லைனில் இருக்கும்போது கைகுலுக்கித்தான் சாவியை உருவாக்கும். நீங்கள் மென்பொருளை மூடியதும் அந்தச் சாவி போய்விட்டது. அவருடைய மென்பொருள் பழைய சாவியிலேயே பூட்டி அனுப்பியிருக்கிறது. அதை இனித் திறக்க முடியாது, திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். ஓஃப்லைன் தேவையென்றால் ஓமெமோ என்ற பூட்டும் முறைக்கு மாறுங்கள். அது முன்கூட்டியே செய்த சாவிகளைச் சேர்வரில் விட்டுவைப்பதால் ஆள் இல்லாதபோதும் புதிதாகப் பூட்டலாம்.

மறுபடி அந்தக் கம்பஸ் மாணவர்: அண்ணை, ஒரே நண்பருக்கு மூன்று கணக்கு இருக்கிறது. மூன்றும் ஓஃப்லைன். எதற்கு அனுப்புவது?

சேமிப்பு வசதி உள்ள கணக்குகளை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். அவற்றில் கடைசியாக அவர் உங்களுக்குப் பதில் எழுதியது எதிலோ அதைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள், பாவிப்பவர் மாற்றவும் விடுங்கள். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். அவர் வரும்போது ஒரே செய்தியை மூன்று இடத்தில் வாசிப்பார், எதற்குப் பதில் போடுவது என்று குழம்புவார். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, சேர்வர் மறுத்தால் மட்டும் அடுத்ததைக் கேட்டுப் பாருங்கள்.