வெள்ளம் வடிந்தும் சுவர் ஏன் காயவில்லை?

பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். 2017 நவம்பர் புயல் மழையில், கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டு, வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அதற்குப் பிறகு மூன்று முறை சாயம் அடித்தும் அடிச்சுவர் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. இப்போது ஒரு காண்ட்ராக்டர் சுவருக்கு மருந்து ஊசி போட 6,000 வெள்ளி கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அக்கா, முன்பணம்கூட வேண்டாம்.

தண்ணீர் அப்போதே வடிந்துவிட்டது, அது கொண்டுவந்த உப்பு செங்கல்லுக்குள் தங்கிவிட்டது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விட ஆரம்பிக்கும், சமையலறை ஜாடியில் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் ராத்திரிக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதனால் விடியற்காலையில் சுவர் நசநசவென்று இருக்கும், மத்தியானம் காய்ந்ததும் உப்பு மறுபடி படிகமாகி உள்ளிருந்தே பூச்சைத் தள்ளும், நீங்கள் அடித்த சாயத்தையும் சேர்த்து.

அந்த ஊசி மருந்து தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கத்தான். உள்ளே இருக்கும் உப்பை அது தொடாது. பத்து வருட கேரண்டி என்று அட்டை கொடுப்பார்கள், இரண்டாம் வருடம் அந்த போன் நம்பரே இருக்காது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்த சான்றைக் கேளுங்கள். லோரியில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றால் ஆளையும் லோரியோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? தண்ணீர் நின்ற கோட்டுக்கு இரண்டு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல்லை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளைக் கூட்டி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். அப்புறம் வெள்ளை டிஷ்யூ பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி விரல் தடிமனுக்குச் சுவரில் அப்புங்கள், காய்ந்ததும் உரித்தெடுத்தால் கொஞ்சம் உப்பு கூழோடு வரும். மூன்று நான்கு தடவை செய்யவேண்டும். மேலே சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்புக் காரைதான், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் அதுதான் இருக்கிறது.

இதெல்லாம் செங்கல் சுவருக்கு. கான்கிரீட் தூணுக்கு இல்லவே இல்லை. தூணில் நெட்டுக்கு விரிசல், அதில் பழுப்புக் கறை, சுத்தியலால் மெல்லத் தட்டினால் டொக்கென்று பொள்ளல் சத்தம், இதில் எது தெரிந்தாலும் நிறுத்துங்கள். உப்பு உள்ளே கம்பிவரை போய்விட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி உப்பிப் பெருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அதன்மேல் கலவையை அப்பி மறைப்பவர் உங்கள் கூரையோடு விளையாடுகிறார். பதிவுபெற்ற பொறியியலாளர் பார்க்காமல் தூணில் கைவைக்கவிடாதீர்கள்.

வாசல் சாக்கடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடல் ஏறும் நேரத்தில் மழை கொட்டினால் தண்ணீர் போக வழியில்லை, இது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். ஏழு உயிர் போன அந்த 2017 வெள்ளத்துக்குப் பிறகும் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கே சலித்துவிட்டது. எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கி வையுங்கள்.

முதலில் தூணைத் தட்டிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் மிச்சத்தைச் சொல்கிறேன்.