ராக்கு பூச்சாடியில் நீர் கசிவது ஏன்?

பெரும்பாலும் உங்கள் சாடி உடையவில்லை. ராக்கு என்பது சூளையிலிருந்து தணலாக எடுத்துப் புகையூட்டும் மட்பாண்ட வகை; அந்தச் சாடி தண்ணீர் தாங்காது. கண்காட்சியில் வாங்கி, பூ வைத்த மறுநாளே மேசையில் ஈரவளையம் என்கிறீர்கள். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பியை இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ராக்குவைச் சுமார் 1000 டிகிரியில் சுட்டு, தணலாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து மரத்தூளில் போடுவார்கள். மண் முழுதாக இறுகாது. திடீரெனக் குளிர்வதால் மேற்பூச்சும் மயிரிழையாக வெடிக்கும். புகை ஏறிக் கறுத்த அந்த வலைக்கோடுகள் எவ்வளவு அழகு! நீர் இறங்குவதும் அவற்றின் வழியேதான்.

சோதிக்க: இரண்டு நாள் உலரவிட்டு, பாதியளவு நீர் ஊற்றி, செய்தித்தாள்மேல் 12 மணி நேரம் வையுங்கள். அடி முழுக்க ஈரமானால் இயல்பு. ஒரே கோடாக நனைந்தால் விரிசல், வாங்கிய இடத்தில் காட்டுங்கள்.

புதுச்சேரியில் செய்யும் ஸ்டோன்வேர் (கல்போல் இறுகச் சுட்ட மட்பாண்டம்) போல 1250 டிகிரிக்கு மேல் சுட்டது கசிந்தால், அது குறைதான்.

சீலர் (கசிவை அடைக்கும் பூச்சு) பூசினாலும் ராக்குவில் உணவு வைக்காதீர்கள்.