மறந்துபோன நூல்களைச் சிற்றிதழில் கொண்டுவருவது: கேள்வி பதில்

எங்கள் சிற்றிதழில் பழைய நூல்களுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கி ஒன்பது வருடம் ஆகிறது. அது பற்றி வாசகர்களும் புதிதாக இதழ் தொடங்குபவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சங்கப் பாடல்களைத்தான் எல்லோரும் போடுகிறார்களே ஐயா. மறந்துபோனது என்று எதைச் சொல்வீர்கள்?

சங்க நூல்களே ஒரு காலத்தில் ஏட்டில் முடங்கிக் கிடந்தவைதான். உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். இன்று அதே நிலையில் இருப்பவை சிற்றிலக்கியங்களும் ஆரம்பகால உரைநடையும். பள்ளு, தூது, குறவஞ்சி எல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு பாட்டோடு நின்றுவிட்டன. கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்த நாவல். இதழுக்காக எழுதியதை மறுபடி இதழில் வாசிக்கும்போது அதன் மூச்சு பிடிபடுகிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர், ஜகன்மோகினி இதழை நடத்தியவர். இன்று எத்தனை பேர் அவரை வாசித்திருக்கிறோம்?

பழைய நடை புரியவில்லை என்கிறார்கள். எளிய தமிழில் மாற்றிப் போடலாமா?

கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. பெரும்பாலும் வாசகரைத் தடுப்பது சொல் அல்ல, அச்சிட்ட விதம். சீருக்குச் சீர் பிரித்துப் போட்டிருப்பார்கள், சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. சந்தியைப் பிரித்து வரிகளுக்கு இடம் விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மர்ரே ராஜம் பதிப்புகள் பல வருடம் முன்பே இதைச் செய்து காட்டிவிட்டன.

உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளில் மழைக்குறி சொல்லும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி – மலையாள
மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே
நேற்றும் இன்றும் கொம்பு சுற்றிக் காற்று அடிக்குதே – கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பிடுகுதே

இப்படிப் போட்டால் எந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டும்? மேற்கே மலையாளப் பக்கம் ஒரு மின்னல், ஈழத்துப் பக்கம் ஒரு மின்னல், நடுவில் நிற்கிறது தாமிரபரணிக்கரை. இதற்கு நான் எழுதிய குறிப்பில் 'கிணற்றுத் தவளை கத்துகிறது' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த தோழி பென்சிலால் சுழித்து, 'தவளை கூப்பிடுகிறது. நீங்கள் ஏன் கத்த விடுகிறீர்கள்?' என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வரப்போகும் வெள்ளத்தை அழைக்கிற குரல் அது. 'கத்துகிறது' என்றதும் வெறும் சத்தமாகிவிட்டது. அன்றிலிருந்து மூலத்தின் ஒரு சொல்லையும் தொடுவதில்லை. அருஞ்சொல் இருந்தால் அதே பக்கத்தின் ஓரத்தில் பொருள் கொடுக்கிறோம். கடைசிப் பக்கத்தில் கொடுத்தால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964இல் இறந்தவர் தம் வாழ்நாளில் வெளியிட்டவை 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பலர் தவறுவது உரையில். மூலம் நானூறு வருடப் பழையதாக இருக்கலாம், அதற்கு எழுதிய உரை போன தலைமுறையுடையதாக இருக்கும். உரைக்குத் தனி உரிமை உண்டு.

பழைய நூல்களில் சாதிப்பெயர்களும் இழிவான பேச்சும் வருகின்றன. வெட்டிவிடலாமா?

இதற்கு நான் நெடுநாள் தடுமாறினேன். முக்கூடற்பள்ளிலேயே பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் (காலைப் பூட்டும் மரக்கட்டையில்) மாட்டித் தண்டிக்கும் இடம் உண்டு. அதை வெட்டிவிட்டு மழைப்பாட்டையும் நெல்வகையையும் மட்டும் போட்டால், உழைத்தவன் பட்ட பாட்டை மறைத்து வயலின் அழகை மட்டும் காட்டுவதாகிவிடும். அதனால் வெட்டுவதில்லை. ஆனால் முன்குறிப்பு இல்லாமல் போடுவதும் இல்லை. அந்தச் சமூகத்திலிருந்து எழுதுகிற ஒருவரிடம் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே எழுதாதீர்கள்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம். இணையப் பிரதியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அச்சுப் பதிப்போடு ஒப்பிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணை, லை, றா போன்றவை வேறு உருவில் இருக்கும், கணினி அவற்றைத் தப்பாகப் படிக்கும். ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் பிரதியைப் பார்க்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

முன்னுரை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஆறு வரி. சிறப்பை எல்லாம் நாமே சொல்லி முடித்துவிட்டால் வாசகர் மூலத்துக்கு வரமாட்டார்.

முதல் இதழுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது ஐயா?

நீங்களே இரண்டு தடவை விரும்பிப் படித்ததை. முக்கியமான நூல் என்று யாரோ சொன்னதற்காக எடுக்காதீர்கள், குறிப்பு எழுதும்போதே அது தெரிந்துவிடும். முழு நூலும் வேண்டாம், ஓர் அத்தியாயமோ நான்கு பாட்டோ போதும். அப்புறம், காலத்தையும் பாருங்கள். உங்கள் இதழ் ஐப்பசியில் வருகிறது என்றால் மழைப்பாட்டைப் போடுங்கள். வெளியே தவளை கூப்பிடும்போது படிக்கட்டும்.