எஸ்பிளனேட் மேன்ஷன் – கடிதம்

வணக்கம் சார். மும்பை காலா கோடாவில் எஸ்பிளனேட் மேன்ஷனைப் பார்த்தேன். இந்தியாவில் முதன்முதலாக சினிமா காட்டிய வாட்சன் ஹோட்டல் இதுதானாமே? பழுதுபார்க்க முடியாது என்று 2019இல் ஐஐடி அறிக்கையே சொல்லிவிட்டது. வக்கீல்களும் குடித்தனக்காரர்களும் ஆக்கிரமித்து நாசமாக்கிய கட்டிடத்தை ஏன் இடிக்கக் கூடாது?

அன்புள்ள நண்பருக்கு,

சினிமா உண்மைதான். 1896 ஜூலை 7, லூமியர் சகோதரர்களின் படங்கள். அதை எழுதாதவர் இல்லை, விடுங்கள்.

'ஆக்கிரமித்து' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். என் அப்பா அங்கே ஒரு வக்கீலிடம் ஸ்டெனோவாக இருந்தார். பள்ளி விடுமுறையில் மாட்டுங்காவிலிருந்து ரயிலில் என்னையும் கூட்டிப்போவார். பழைய ஹோட்டல் அறையைப் பலகை வைத்துத் தடுத்த ஆபீஸ். தடுப்புக்கு அந்தப்பக்கம் இன்னொரு வக்கீல். நடையில் யார் வீட்டுத் துணியோ காயும். மதியம் பால்கனியில் சாப்பிடும்போது தூணைத் தட்டிக் காட்டி, "கப்பல்ல வந்ததுடா இது" என்பார்.

நிஜம்தான். ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளரின் வடிவமைப்பு. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையக் கூரையிலும் அவர் கை உண்டு. தூண்களும் உத்திரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலேறி வந்து, 1860களில் இங்கே ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. பாரம் முழுக்க இரும்புச் சட்டகத்தின் மேல். செங்கல் இடைவெளியை அடைப்பதற்குத்தான். வெள்ளைக்காரர்கள் மட்டுமே தங்கிய இடம். ஹோட்டல் போன பிறகுதான் அப்பா மாதிரி ஆட்கள் உள்ளே வந்தார்கள். மாதாமாதம் வாடகை கட்டி ரசீது வாங்கியவர்களையா ஆக்கிரமிப்பாளர் என்கிறீர்கள்? யோசித்து எழுதுங்கள் ஐயா.

கட்டிடம் கெட்ட கதை வேறு. பம்பாயின் 1947 வாடகைச் சட்டம் பழைய கட்டிடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே கட்டிப்போட்டது. இந்தக் காசில் என்ன ரிப்பேர் செய்வது என்பார் சொந்தக்காரர். என் சொத்தா, நான் ஏன் செலவழிக்கணும் என்பார் குடியிருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நடுவில் கக்கூஸ் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகும், இரும்பு துருப்பிடிக்கும், விரிசலில் அரசங்கன்று வேர்விடும். 2005இல் பால்கனிகள் சரிந்து ஒருவர் செத்தார். 2019இல் நீதிமன்றம் எல்லோரையும் காலி செய்யச் சொன்னது. இதில் வக்கீல்களை மட்டும் பிடித்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

இடிக்கலாமா என்றால், கூடாது. துண்டு துண்டாக வந்து பொருத்தப்பட்ட கட்டிடம் அது. கெட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கட்டும். ஆனால் முகப்பை மினுக்கி மறுபடியும் பணக்கார ஹோட்டல் ஆக்குவார்கள் என்றால் எனக்கு அதில் சந்தோஷமில்லை. பலகைத் தடுப்புகளும் டைப்ரைட்டர் சத்தமும் இருந்த அந்த மாடிகளுக்கு வக்கீல்களும் குடித்தனக்காரர்களும் திரும்ப வரணும்.