சட்டம் போட்டால் பிறப்பு குறையுமா?

கேள்வி: ஒரு குழந்தைச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் சீனாவின் மக்கள்தொகை கட்டுக்கடங்காமல் போயிருக்கும் அல்லவா, ஐயா?

பதில்: ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1970இல் சீனப் பெண் ஒருவர் வாழ்நாளில் சராசரியாக ஆறு குழந்தைகள் வரை பெற்றார். 1979க்குள் அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கை நாடு முழுவதும் வந்ததோ 1980இல். பெரிய சரிவு முன்பே நடந்து முடிந்திருந்தது. 'தாமதமாக மணம், இடைவெளிவிட்டுப் பேறு, குறைவான குழந்தைகள்' என்ற 1970களின் இயக்கம் அதற்கு முக்கியக் காரணம். அந்த இயக்கத்திலும் அதிகாரிகளின் நெருக்கடி இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

கேள்வி: எல்லோருக்கும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. 1984க்குப் பிறகு பல கிராமப்புறங்களில், முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இரண்டாவதற்கு அனுமதி இருந்தது. பெண் பிறந்தால் கணக்கில் குறைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

கேள்வி: மீறினால் அபராதம் கட்டினால் போதும் என்கிறார்களே?

பதில்: பணம் இருந்தவர்களுக்கு அப்படி. மற்றவர்களுக்கு? 1983ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, பெரும்பாலானவை பெண்களுக்கு. அனுமதியின்றிப் பிறந்த பல குழந்தைகள் குடும்பப் பதிவேட்டில் ஏறவில்லை. பதிவு இல்லாவிட்டால் பள்ளிச் சேர்க்கையே போராட்டமாக இருந்தது. 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் பிறப்பது இயல்பு. அங்கே அது 118ஐத் தாண்டியது. பழியை முழுவதும் சட்டத்தின் மேல் போடவும் முடியாது. அப்படி எந்தச் சட்டமும் இல்லாத தென்கொரியாவிலும் 1990 வாக்கில் இதே கோணல் தெரிந்தது. ஆண் வாரிசு ஆசை, கருவிலேயே பாலினம் அறியும் ஸ்கேன், சிறு குடும்பம் மூன்றும் சேர்ந்த இடத்தில் பெண் கரு கலைக்கப்படும் ஆபத்து கூடுகிறது. சட்டம் அந்த நெருக்கடியை இறுக்கியது.

கேள்வி: கட்டாயமில்லாமல் குறைத்த நாடு ஒன்றைச் சொல்ல முடியுமா?

பதில்: ஈரான். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல். 2000 வாக்கில் ஏறத்தாழ இரண்டு. கிராமச் சுகாதார நிலையங்கள், இலவசக் கருத்தடைச் சாதனங்கள், பெண் கல்வி ஆகியவையே அதைச் சாதித்தன. நான்காவது குழந்தைக்குச் சில சலுகைகளை நிறுத்தினார்கள். பெற்றுக்கொள்ளத் தடை இல்லை.

கேள்வி: சட்டத்தைத் தளர்த்தினால் பிறப்பு மீண்டும் கூடுமா?

பதில்: சீனா 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று அனுமதித்தது. 2022இல் மக்கள்தொகையே குறையத் தொடங்கிவிட்டது.

கேள்வி: இரண்டுக்கு மேல் பெற்றவர்களைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுப்பது நியாயமான, மென்மையான வழிதானே?

பதில்: இந்தியாவில் பல மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் இதைச் செய்தன. அரியானாவின் சட்டம் செல்லும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அரியானாவே அதைக் கைவிட்டது. ஆந்திரம் 2024இல் விட்டது. மென்மையானது என்பதை நான் ஏற்கவில்லை. மூன்றாவது குழந்தை வேண்டும் என்று கணவரும் மாமியாரும் முடிவெடுத்த வீட்டில், பஞ்சாயத்துப் பதவியை இழப்பது அந்தப் பெண்.